அறுபத்து நாலு கேபி துர்காதேவி

சிங்கப்பெருமாள் கோயிலை ஒட்டிய தொழிற்பேட்டையில் கார் ஹாரன் செய்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது. அங்கே முதல் ஷிப்டில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு ஹாரனாக அடித்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது துர்காதேவியின் வேலை. நாளைக்கு எண்ணூறு ஹாரன். மீட்டர் பச்சை காட்டினாலும் அவள் காது சிவப்பு என்றால் அது சிவப்புதான். பதினாலு வருஷத்தில் ஏழு சூப்பர்வைசர்கள் அவளிடம் வாதாடித் தோற்றார்கள். அதில் மூன்று பேர் வேறு டிபார்ட்மெண்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

எட்டு மணி நேரம் ஹாரன் கேட்டுவிட்டு வருகிறவள் வீட்டில் சத்தமே வேண்டாம் என்றுதான் இருப்பாள் என்று அவள் புருஷன் ஜெகதீசன் நம்பியிருந்தான். நம்பிக்கை கெட்டதற்கு அவனேதான் காரணம். ஜெகதீசனுக்குச் சொந்தமாக ஒரு வேன். வீடு காலி செய்கிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது தொழில். கல்பாக்கத்துக் குவார்ட்டர்ஸில் யாராவது ரிட்டயர் ஆகி ஊருக்குக் கிளம்பினால் முதல் போன் அவனுக்குத்தான் வரும். அப்படிக் கும்பகோணத்துக்குக் கிளம்பிய ஒரு விஞ்ஞானி, "இதையெல்லாம் நீயே வச்சுக்கோப்பா" என்று ஒரு கோணிப்பையை வேனில் போட்டுவிட்டுப் போனார். பையில் ஒரு இஸ்திரிப் பெட்டி, இரண்டு காலண்டர், சாம்பல் நிறத்தில் ஒரு வீடியோ கேம் பெட்டி. ஜப்பான்காரன் தொண்ணூறாம் வருஷவாக்கில் விட்டது.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜெகதீசன் சாப்பிட வந்தபோது திருக்கழுக்குன்றத்து வீட்டின் ஹாலில் அந்தப் பெட்டி எலும்பு எலும்பாகக் கழன்று கிடந்தது.

"இன்னாம்மே இது, வந்த மறுநாளே பிரேதப் பரிசோதனை பண்ணிகினு கீற?"

"இங்க வந்து பாருங்க. சத்தத்துக்குன்னே உள்ள தனியா ஒரு கம்ப்யூட்டர் வச்சிருக்கான்."

பெட்டிக்குள் தகர டப்பாவில் மூடிய தனிப் பலகை ஒன்று இருந்தது. அதற்கென்று சொந்தமாக ஒரு பிராசஸர், சொந்தமாக மெமரி. மெமரி சிப் இரண்டு. ஒவ்வொன்றும் முப்பத்திரண்டு கேபி. மொத்தம் அறுபத்து நாலு.

"அறுபத்து நாலு கேபின்னா எவ்ளோ?"

"உங்க அண்ணன் தினமும் காலைல அனுப்புறாரே, ரோஜாப்பூ வச்ச குட்மார்னிங் படம், அதுல கால்வாசிகூட இல்ல."

"அதுல இன்னாத்த பாட முடியும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க துர்காதேவி ஒன்பது வருஷம் எடுத்துக்கொண்டாள். அச்சரப்பாக்கத்துக்கு உள்ளே நாலு கிலோமீட்டர் தள்ளி, நெல் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்து, செங்கல்பட்டு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும். மூன்றரைக்கு வீடு. மூன்றரையிலிருந்து ஆறரை வரை அந்தப் பெட்டி. இதில் மாற்றமே கிடையாது. மாமியார் எல்லம்மாள் முதலில் டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்றாள். பிறகு மருமகள் ஊர்வம்பு பேசாமல் வீட்டிலேயே கிடப்பதில் உள்ள லாபத்தை உணர்ந்து வாயை மூடிக்கொண்டாள்.

அவள் தெரிந்துகொண்டது இதுதான். விளையாட்டை ஓட்டுகிற பெரிய பிராசஸரால் சத்தப் பலகையின் மெமரிக்குள் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் நாலே நாலு ஜன்னல்கள். ஒரு ஜன்னலில் ஒரு தடவைக்கு ஒரு பைட்டுதான் போகும். அந்தப் பக்கம் "வாங்கிட்டேன்" என்று பதில் வந்த பிறகுதான் அடுத்தது. இப்படிப் பைட்டு பைட்டாகத் தள்ளி அறுபத்து நாலு கேபியை நிரப்ப வேண்டும். சத்தத்தை நடத்துகிற புரோகிராம், பாட்டின் குறிப்பு, வாத்தியங்களின் ஒலித்துணுக்குகள், எல்லாம் அதற்குள்தான். நாதஸ்வரம் முழுசாக வேண்டும் என்றால் தவில் பாதியாகும். தவில் முழுசாக வேண்டும் என்றால் ஜால்ரா கிடையாது.

எக்கோ என்கிற எதிரொலியும் அதே மெமரியில்தான் குடியிருக்க வேண்டும். சத்தத்தை மெமரியில் எழுதி வைத்து, கொஞ்சம் பொறுத்துப் படித்துத் திரும்ப ஒலிப்பதுதான் எக்கோ. ஒரு நொடியில் ஆயிரத்தில் பதினாறு பங்கு தாமதத்துக்கு இரண்டு கேபி தண்டம். இன்னும் நீளமான எக்கோ வேண்டுமானால் இன்னும் இரண்டு, இன்னும் இரண்டு. அந்த எக்கோவுக்குக் கண் கிடையாது. "இங்கேயிருந்து இவ்வளவு தூரம் எழுது" என்றால் எழுதிக்கொண்டே போகும். வழியில் நாதஸ்வரம் இருக்கிறதா, புரோகிராமே இருக்கிறதா என்று பார்க்காது. மெமரியின் கடைசியைத் தாண்டினால் நிற்காது, சுற்றிக்கொண்டு முதலிலிருந்து எழுதும். முதலில்தான் புரோகிராம் இருக்கும்.

இதை அவள் தனக்குள் வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. மதுராந்தகத்தில் ஒரு காதுகுத்து விசேஷத்தில், பக்கத்து இலையில் உட்கார்ந்த பாவத்துக்கு ஓர் உறவுக்காரிக்குச் சாம்பாரிலிருந்து பாயசம் வரைக்கும் எக்கோவைப் பற்றி விளக்கினாள். அந்த அம்மாள் மோருக்குக் காத்திருக்காமல் எழுந்துவிட்டாள். அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் துர்காதேவிக்குப் பத்திரிகை வைப்பார்கள், பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

வேறு வழியில்லாமல் அவள் யூடியூபில் பேச ஆரம்பித்தாள். முகம் வராது. இரண்டு கை, ஒரு சாம்பல் பெட்டி, ஒரு குரல். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். இருநூற்றுப் பதிமூன்றாவது ஆள் ஆதித்யா.

ஆதித்யாவுக்கு முப்பத்தொரு வயது. பழைய மாமல்லபுரம் சாலையில் ஐடி கம்பெனி ஒன்றில் நாலு வருஷம் வேலை பார்த்து, "ஆன்மா வறண்டுவிட்டது" என்று ராஜினாமா செய்து, கடலைப் பார்த்த மாதிரி மாமல்லபுரத்தில் ஒரு வீட்டைப் பிடித்து ஆபீஸ் ஆக்கியவர். அங்கே நாற்காலி கிடையாது. எல்லோரும் பெரிய பெரிய மெத்துப் பைகளில் புதைந்து கிடப்பார்கள். துர்காதேவி முதல் நாள் போய் அதில் உட்கார்ந்துவிட்டு, திரும்ப எழுந்திருக்க ஷபானாவின் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஷபானா அங்கே படம் வரைகிறவள். புள்ளி புள்ளியாக வைத்து யானை வரைவாள், கடல் வரைவாள். அந்த ஆபீசில் வேலை என்று ஒன்று செய்தவள் அவள் ஒருத்திதான்.

"மேம், நாம பண்றது கேம் இல்ல," என்றார் ஆதித்யா. "பல்லவர்களோட ஒரு உரையாடல். பேரு 'கடல்மல்லைக் காவலன்'. அந்தப் பழைய மெஷின்லயே ஓடணும். அந்தக் குறைவுலதான் கலை இருக்கு."

குறைவில் கலை இருக்கிறது என்று ஒரு மனுஷன் தன் வாயால் சொன்னதைக் கேட்டு துர்காதேவி உருகிவிட்டாள். ஹாரனில் ஏமாறாத காது இதில் ஏமாந்தது. ஒப்புக்கொண்டாள்.

ஏழு மாதம் வேலை செய்தாள். ஐந்து ரதம் போகிற வழியில் சிற்பப் பட்டறைகளுக்கு முன்னால் போனை நீட்டிக்கொண்டு நின்று உளிச் சத்தம் பதிவு செய்தாள். முப்பத்தேழு உளிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒன்றரைக் கேபிக்குள் அடக்கினாள். ஒரு கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரக்காரரிடம் கெஞ்சி ஒரே ஒரு ஸ்வரம் வாசிக்கச் சொல்லி வாங்கினாள். "ஒண்ணு போதுமாம்மா?" என்று அவர் மூன்று தடவை கேட்டார். கடைசியில் கணக்கு இப்படி வந்தது: புரோகிராமும் பாட்டும் பதினாலு கேபி, ஒலித்துணுக்குகள் நாற்பது, குகைக்குள் போகும்போது மட்டும் வருகிற எக்கோவுக்குப் பத்து. மொத்தம் அறுபத்து நாலு. ஒரு பைட்டு மிச்சமில்லை, ஒரு பைட்டு அதிகமில்லை. அந்தப் பாட்டைக் கேட்டால் உப்புக்காற்றில் யாரோ கல்லைக் கொத்திக்கொண்டே முணுமுணுப்பது போல இருக்கும். ஜெகதீசனே ஒரு தடவை சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்று கேட்டான். அவன் தட்டோடு நிற்பது கிரிக்கெட்டில் கடைசி ஓவருக்கு மட்டும்தான்.

ஆதித்யா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு திறந்தார்.

"எக்கோ போதல."

"சார், எண்பது மில்லி செகண்ட் வச்சிருக்கேன். நல்லாவே கேக்குது."

"குகை மேம். ஆயிரத்து முந்நூறு வருஷம். எனக்கு அந்தக் காலம் எதிரொலிக்கணும்."

"காலத்துக்கு இடம் இல்ல சார். இருக்கிறதே அறுபத்து நாலு. எக்கோவை நீட்டினா அது புரோகிராம் மேலயே எழுதிடும். எழுதினா மெஷின் செத்துடும்."

"நீங்க ரொம்ப டெக்னிக்கலா யோசிக்கிறீங்க."

மறுநாள் ஆதித்யா தானே செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்து, எக்கோ என்று போட்டிருந்த இடத்தில், இரண்டு கேபிக்கு ஒன்று என்று அவள் வைத்திருந்த ஐந்தைப் பதினைந்து ஆக்கினார். அதற்கு மேல் அந்த மெஷினில் எண்ணே கிடையாது. இருந்திருந்தால் ஐம்பது போட்டிருப்பார். லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தார். பிரமாதமாக ஓடியது.

லேப்டாப்பில் ஓடுவது அந்த மெஷின் இல்லை, அந்த மெஷினைப் போல நடிக்கிற மென்பொருள். ஆதித்யா வைத்திருந்தது இருபது வருஷத்துக்கு முந்தையது. அதை எழுதிய புண்ணியவான் எக்கோவுக்கென்று லேப்டாப்பின் மெமரியில் தாராளமாகத் தனி இடம் ஒதுக்கிவிட்டார். அங்கே எக்கோ எவ்வளவு நீண்டாலும் யார் தலையிலும் இடிக்காது. நிஜப் பெட்டியில் பத்து கேபி இடத்தில் முப்பது கேபி எக்கோ இறங்கும். மிச்ச இருபது சுற்றிக்கொண்டு போய்ப் புரோகிராமின் மேல் ஏறி உட்காரும்.

துர்காதேவி வீட்டில் நிஜப் பெட்டியில் ஓட்டிப் பார்த்தாள். குகை வாசலில் கால் வைத்ததும், கால் நொடிக்குள், எல்லாம் நின்றது. மாமல்லபுரத்துக்குப் பஸ் பிடித்துப் போய்ச் சொன்னாள். "லேப்டாப்ல ஓடுதே" என்றார். வீடியோ எடுத்து அனுப்பினாள். கட்டைவிரல் பொம்மை ஒன்று பதிலாக வந்தது. மூன்றாவது முறை ஷபானாவையும் கூட வைத்துக்கொண்டு சொன்னாள்.

"சார், அக்கா சொல்றது கரெக்ட்டா இருக்கும் போல. ஒரு தடவை நம்ம மெஷின்ல போட்டுப் பாத்துடலாமே?" என்றாள் ஷபானா.

ஆபீசிலும் ஒரு நிஜப் பெட்டி இருந்தது. கண்ணாடிப் பேழைக்குள், மேலிருந்து மஞ்சள் விளக்கு விழ, கருவறை போல வைத்திருந்தார்கள். போட்டோவுக்கு. அதற்குக் கரண்டு ஒயரே வாங்கவில்லை.

"ஷபானா, நெகட்டிவிட்டி வேணாம்," என்றார் ஆதித்யா. பிறகு துர்காதேவியைப் பார்த்து, "துர்கா, நீங்க கொஞ்சம் பெரிசா யோசிக்கக் கத்துக்கணும்" என்றார். முதல் மாதம் மேம். மூன்றாவது மாதம் துர்கா மேம். ஏழாவது மாதம் வெறும் துர்கா.

வெளியீட்டு விழா ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, கடற்கரை ரிசார்ட் ஒன்றில் நடந்தது. அழைப்பிதழில் 'அசல் மெஷினில் நேரடியாக' என்று கொட்டை எழுத்து. ஆபீசில் இருந்த பெட்டியைப் பேழையோடு மேடைக்குக் கொண்டுவந்திருந்தார்கள், கரண்டு ஒயர் மட்டும் அன்றைக்கு இரவல். துர்காதேவி பட்டுப்புடவையில் போனாள். ஜெகதீசன் இஸ்திரி போட்ட சட்டையில் போனான். கடைசி வரிசையில், ஜூஸ் கவுண்டருக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். நாற்காலிமேல் இருந்த காகிதத்தை ஜெகதீசன் எடுத்துப் படித்தான். 'இசை, ஒலிக் கற்பனை: ஆதித்யா'. கீழே, சமோசா கொடுத்தவர்களுக்கு ஒரு வரி மேலே, 'ஒலி உதவி: துர்கா'.

"இன்னாம்மே, உன் பேருல பாதிய கத்திரிச்சிட்டான்?"

"மெமரி பத்தலியோ என்னவோ," என்றாள் துர்காதேவி.

மேடைக்குப் போகும் வழியில் ஆதித்யா அவளிடம் நின்றார். சில்க் ஜிப்பா, ருத்திராட்சம். "எல்லாம் ஓகேதானே துர்கா?"

அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்கலாம். பக்கத்து மேஜையில், மேடைப் பெட்டிக்குக் கேமை அனுப்புகிற லேப்டாப் இருந்தது. பதினைந்தை ஐந்தாக்க அரை நிமிஷம் போதும். ஷபானாவும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துர்காதேவி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"நீங்க வச்ச நம்பர் அப்படியேதான் சார் இருக்கு."

"சூப்பர்," என்று ஆதித்யா மேலே ஏறினார்.

அவர் போனதும்தான் அவளுக்கு உறைத்தது. விழுந்து உடையப் போவது ஆதித்யாவின் மானம் மட்டும் இல்லை, அவளுடைய ஏழு மாதமும்தான். எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். அப்போது ஆதித்யா மைக்கில் "இந்த இசை எனக்குக் கனவில் வந்தது" என்றார். துர்காதேவி பின்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

சிறப்பு விருந்தினர் முனைவர் ஞானம்பாள். சென்னையில் கலைக் கண்காட்சிகள் நடத்துகிறவர், கலையைப் பற்றி ஏழு புத்தகம் எழுதியவர். கேம் விளையாடுகிற கைப்பிடியை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தொட்டார், தலைகீழாக. ஆதித்யா நேராக்கிக் கொடுத்து, "உங்களை நேரா குகைக்கே கூட்டிட்டுப் போறேன் மேடம்" என்றார்.

திரையில் கடல். ஷபானாவின் அலைகள். துர்காதேவியின் உளியும் நாதஸ்வரமும் பெரிய ஸ்பீக்கரில் முதல் தடவையாக வந்தபோது கூட்டத்தில் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். காவலன் நடந்தான். குகை வாசலில் கால் வைத்தான்.

நாதஸ்வரம் வாயைப் பிளந்தது. அதன் அடிவயிற்றிலிருந்து, இரும்புத் தகட்டைக் கல்லில் இழுப்பது போல ஓர் ஓலம் கிளம்பி, நிற்காமல், இறங்காமல், ஒரே மட்டத்தில் நின்றது. காவலன் ஒற்றைக்காலைத் தூக்கியபடி உறைந்தான். முன் வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டது. வெயிட்டர் ஜூஸைக் கொட்டினார். எண்ணூறு ஹாரனில் எண்ணூறும் ரிஜெக்ட் ஆனால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஆதித்யா ரீசெட் பட்டனைத் தேடினார். அது பேழையின் கண்ணாடிக்கு உள்ளே இருந்தது. பேழையின் சாவி ஆபீசில் இருந்தது.

முழுசாக ஒரு நிமிஷம் ஓலம். யாரோ பின்னால் ஒயரைப் பிடுங்கினார்கள். அமைதி.

"ஏம்மே, உனுக்கு இது தெரியுமா?" என்று ஜெகதீசன் காதில் கேட்டான்.

"தெரியும்."

"சொல்லக் கூடாதா?"

"மூணு தடவை சொன்னேன். நாலாவதுக்கு இடம் இல்ல."

ஆதித்யா மைக்கைப் பிடித்தார். தட்டிப் பார்த்தார். அப்போது முனைவர் ஞானம்பாள் கைப்பிடியை மெல்லக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"கேட்டீர்களா?" என்றார். "இது பிழை என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். நான் கேட்டது கல்லின் கதறல். நாம் வெறும் சுற்றுலாப் பயணிகளாகப் பார்த்துவிட்டுப் போன பாறைகள் இன்று நம்மைப் பார்த்துக் கத்தின. அந்த வீரன் ஏன் உறைந்தான்? வரலாற்றின் வாசலில் எவனும் உறைந்துதான் போவான்."

முதலில் ஒரு கைதட்டல், நாலு, நாற்பது. ஜூஸைக் கொட்டின வெயிட்டரும் தட்டினார். ஆதித்யாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. மைக்கை உதட்டருகே கொண்டுபோய், "புரிஞ்சுகிட்டதுக்கு நன்றி மேடம்" என்றார்.

துர்காதேவி தட்டவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. பாட்டுக்குப் பேச்சை நிறுத்தியது இரண்டு பேர். பாட்டு செத்ததற்கு மண்டபமே எழுந்து நிற்கிறது. ஜெகதீசன் அவளை வெளியே கூட்டிப்போய் வேனில் உட்கார வைத்து, திருக்கழுக்குன்றம் வரும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவனைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த வாரமே பேப்பரில் 'கதறும் கற்கள்' என்று பாதிப் பக்கம் வந்தது. ஓலத்தின் வீடியோவை லட்சம் பேர் பார்த்தார்கள். துர்காதேவி பிடிவாதமாக ஐந்து போட்ட சரியான பதிப்பைத் தன் சேனலில் ஏற்றினாள். பதினேழு பேர் கருத்து எழுதினார்கள். அதில் பதினைந்து பேர், 'அந்தக் கதறல் எங்கே? ஒரிஜினலைக் கெடுத்துவிட்டீர்கள்' என்றார்கள்.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆதித்யா இரண்டு கிலோ மைசூர்பாகோடு அவள் வீட்டு வாசலில் நின்றார். கூட ஷபானா. எல்லம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஆதித்யா கொஞ்ச நேரம் மைசூர்பாகைப் பற்றியே பேசினார்.

"இன்னா சார் விஷயம்?" என்று ஜெகதீசன்தான் கேட்டான்.

விஷயம் ஜெர்மனி. அங்கே ஒரு கண்காட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கதறலைத்தான் கேட்கிறார்கள். ஆனால் கதறல் சொன்னபடி வருவதில்லை. ஒரு தடவை ஓலம். ஒரு தடவை 'கொர்' என்று தொண்டையில் மீன்முள் சிக்கிய மாதிரி. நேற்று ஜெர்மன்காரர்களுக்கு வீடியோ காலில் காட்டியபோது சத்தமே இல்லாமல் சும்மா நின்றுவிட்டது. முனைவர் ஞானம்பாள் அதையும் 'மௌனம்' என்று விளக்கிப் பார்த்தார். ஜெர்மன்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி கத்தணும் துர்கா மேம்," என்றார். மேம் திரும்பி வந்திருந்தது.

"அது கத்தல சார், சாவுது. எந்த நேரத்துல எந்த பைட்டு அழியுதோ அதுக்குத் தகுந்த மாதிரி சாவும். ஒரே மாதிரி சாவுன்னு அதுகிட்ட கேக்க முடியாது."

"எதாவது பண்ணுங்க மேம். ப்ளீஸ்."

துர்காதேவி யோசித்தாள். அவளுக்கு முடியாது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் முடியுமா முடியாதா என்று ஒரு கணக்கு மூளையில் ஓட ஆரம்பித்துவிட்டால் அவளால் நிறுத்த முடியாது. அந்தப் பலவீனம் ஆதித்யாவுக்குத் தெரியாது, ஷபானாவுக்குத் தெரியும்.

"முதல் திரையில என் பேரு முழுசா வரணும். உங்க பேருக்கு மேல. செட்டிங்ஸ் ஃபைல்ல நீங்க கை வைக்கக் கூடாது. எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

எல்லம்மாள் பால் நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். ஆதித்யா எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜெகதீசன் அதைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

வேலை நாலு நாளில் முடிந்தது. விழாவில் பதிவான ஓலத்தில் நல்லதாக இரண்டு நொடியை வெட்டியெடுத்துச் சுருக்கினாள். ஒன்பது கேபி வந்தது. முனைக்கு முனை சேர்த்துச் சுற்ற விட்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கதறும், ஒவ்வொரு தடவையும் அச்சுப் பிசகாமல். ஆனால் ஒன்பது கேபிக்கு எங்கே இடம்? நாதஸ்வரத்தை விட அவளுக்கு மனசு வரவில்லை. உளியைத் தொடக் கை வரவில்லை. கடைசியில் எக்கோவின் பத்து கேபியை முழுசாகக் காலி செய்து அங்கே குடிவைத்தாள். குகையில் எக்கோ இப்போது ஐந்தும் இல்லை, பதினைந்தும் இல்லை, பூஜ்யம். மெஷினும் சாகவில்லை. காவலன் உறைவது போல நடித்து, கதறல் முடிந்ததும் காலைக் கீழே வைத்து நடந்தான்.

கடலோர ஆபீசில் நிஜப் பெட்டியில் போட்டுக் காட்டினாள். கரண்டு ஒயர் இப்போது இருந்தது. ஆதித்யா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்தும் ரொம்ப நேரம் திறக்கவில்லை.

"இப்பதான் மேம்," என்றார். "இப்பதான் அந்த எக்கோ நான் நினைச்ச மாதிரி வந்திருக்கு. முதல்லேர்ந்து இதைத்தானே கேட்டேன்?"

ஷபானாவுக்குத் திடீரென்று இருமல் வந்து பால்கனிக்கு ஓடினாள்.

"ஆமா சார்," என்றாள் துர்காதேவி. "நான்தான் பெரிசா யோசிக்கல."

ஜெர்மனியில் கதறல் நன்றாகப் போனது. துர்காதேவி என்கிற முழுப்பெயர் அங்கே முதல் திரையில் தமிழில் வந்தது. ஜெர்மன்காரர்கள் அதைப் பல்லவர் காலத்து எழுத்து வேலைப்பாடு என்று நினைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள் என்று ஷபானா வந்து சொன்னாள். ஆதித்யா ஒரு பேட்டியில், மெஷினின் எல்லைகளை மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இளைஞர்களுக்கு அறிவுரை சொன்னார். அடுத்த மாதம் அவருக்குக் கேம் மேல் இருந்த ஆன்மாவும் வறண்டுவிட்டது. இப்போது பனை ஓலையில் பேசும் ஸ்பீக்கர் செய்கிறார் என்று கேள்வி.

ஷபானா வேலையை விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் திருக்கழுக்குன்றத்துக்கு வருவாள். இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பெட்டிக்குச் சின்னதாக ஒரு கேம் செய்தார்கள். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற கூட்ட நெரிசல் பஸ்ஸில், கண்டக்டர் கடைசி சீட் வரைக்கும் போய் டிக்கெட் கொடுத்துவிட்டு விசில் அடிக்க வேண்டும். உரையாடலும் இல்லை, பல்லவரும் இல்லை. உலகம் முழுக்க நாற்பத்தொரு பேர் இறக்கிக்கொண்டார்கள். யாரும் கைதட்டவில்லை. பேப்பரில் ஒரு வரி வரவில்லை. துர்காதேவி தினமும் ஒரு தடவை மெயிலைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

பதினோராவது நாள் ஒரு மெயில் வந்தது. பின்லாந்திலிருந்து யாரோ ஜோயல் என்பவன் எழுதியிருந்தான். பாராட்டு ஒன்றும் இல்லை. 'நான் நிஜ மெஷினில் விளையாடுகிறேன். மூன்றாவது ஸ்டாப்பில் விசில் முடியும் இடத்தில் மிக லேசாக ஒரு டிக் சத்தம் கேட்கிறது. துணுக்கின் சுற்று கொஞ்சம் தள்ளி இருக்கிறது என்று நினைக்கிறேன்.'

அவள் பெட்டியைப் போட்டாள். ஹெட்போனை மாட்டினாள். மூன்றாவது ஸ்டாப். விசில். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி. மறுபடி. எட்டாவது தடவை மின்விசிறியை அணைத்துவிட்டுக் கேட்டாள். இருந்தது. எறும்பு நகம் கிள்ளின மாதிரி ஒரு டிக்.

ஜெகதீசன் எட்டிப் பார்த்தான். "இன்னாம்மே, வேர்க்க வேர்க்க உக்காந்துகினு கீற? யாராச்சும் திட்டிட்டானா?"

"ஆமாங்க," என்றாள் துர்காதேவி, வாயெல்லாம் பல்லாக. "ஒருத்தன் கேட்டிருக்கான்."